பல்லடுக்கு மென்படலங்களில் காந்தத் தயக்கம்: கண்ணியைப் படிக்கும் முறை

காந்தவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கரும்பலகையில் ஒரு வளைகோட்டை வரைகின்றார். பூச்சியத்தில் தொடங்கி மேலேறித் தெவிட்டுநிலையை எட்டி, புலத்தைக் குறைக்கும்போது சென்ற வழியே திரும்பாமல் வேறு வழியாக இறங்கி, எதிர்ப்புறம் சென்று மீண்டு வந்து தன்னைத்தானே மூடிக்கொள்ளும் அக்கோட்டைக் காந்தத் தயக்கக் கண்ணி என்கிறோம். தேனிரும்புக்கு ஒடுங்கிய கண்ணி ஒன்றும் எஃகுக்கு அகன்ற கண்ணி ஒன்றும் வரைந்து, முன்னது மின்மாற்றிக்கும் பின்னது நிலைக்காந்தத்திற்கும் ஏற்றது என்று கூறுவதுடன் பாடம் பெரும்பாலும் முடிவடைந்துவிடுகின்றது.

அப்பாடம் தவறன்று. ஆயினும், சில நானோமீட்டர் தடிப்பே உள்ள உலோகப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்யப்படும் பொருள்களுக்கு அது போதாது. அங்கே கண்ணியின் வடிவம் உலோகத்தின் இயல்பை மட்டும் காட்டுவதில்லை; அடுக்குகள் தம்முள் கொண்டுள்ள உறவையும் காட்டுகின்றது. காந்த உலோகப் படலங்களை மூன்று விதமாக அடுக்கினால், ஒன்றில் கண்ணியே இல்லாத சாய்ந்த நேர்கோடு கிடைக்கும். மற்றொன்றில் படிக்கட்டுப் போன்ற கண்ணி கிடைக்கும். மூன்றாவதில் மையத்தைவிட்டு ஒருபுறமாக நகர்ந்த கண்ணி கிடைக்கும். பழக்கமில்லாத ஒருவர் முதலாவதைக் கண்டு “மாதிரியில் நிலைத்த காந்தம் இல்லை” என்றும், இரண்டாவதைக் கண்டு “மாதிரி கலப்படமானது” என்றும், மூன்றாவதைக் கண்டு “கருவியில் பூச்சியப் பிழை” என்றும் குறிப்பேட்டில் எழுதிவிடக்கூடும். சில வேளைகளில் அக்குறிப்பு உண்மையாகவும் இருக்கலாம். எப்போது உண்மை, எப்போது பொய் என்று பிரித்தறியும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

தயக்கம் எங்கிருந்து வருகின்றது?

தயக்கம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை இந்நிகழ்ச்சிக்குப் பெயராக இட்டவர் ஸ்காத்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங். அவர் 1878 முதல் 1883 வரை ஜப்பானில் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது இதனை ஆராய்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1881-இல், ஜெர்மானியரான எமில் வார்பர்கும் இதே முடிவை எட்டியிருந்தார். கண்ணி சூழ்ந்துள்ள பரப்பு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கன மீட்டர் பொருளில் வெப்பமாக மாறும் ஆற்றலுக்குச் சமம் என்பது அக்காலத்திலேயே தெளிவாயிற்று. மின்மாற்றியின் உள்ளகம் சூடாவதற்கான காரணங்களுள் ஒன்று இதுவே.

காரணத்தை ஓர் எளிய உருவகத்தால் விளக்கலாம். மேடும் பள்ளமுமான நிலத்தில் ஒரு பள்ளத்தினுள் கோலிக்குண்டு ஒன்று கிடக்கின்றது. நிலத்தை மெல்லச் சாய்க்கிறோம். சாய்வு சிறிதாயிருக்கும் வரையில் குண்டு அப்பள்ளத்தை விட்டு வெளியேறாது. மேடு மறையும் அளவுக்குச் சாய்த்த பின்னரே அடுத்த பள்ளத்திற்கு உருண்டோடும். மீண்டும் மட்டமாக நிமிர்த்தினால் குண்டு பழைய பள்ளத்திற்குத் திரும்புவதில்லை. காந்தப் புலம் என்பது இந்தச் சாய்வு. படலத்தின் காந்தத் திசை என்பது குண்டு. மேடு என்பது படிக அமைப்பும் மாதிரியின் வடிவமும் குறைகளும் உண்டாக்கும் ஆற்றல் தடை. ஆகவே, தயக்கம் இருக்க வேண்டுமாயின் இரண்டு பள்ளங்களேனும் இருத்தல் வேண்டும். அவற்றிடையே ஒரு மேடும் இருத்தல் வேண்டும். மேடு இல்லாவிடத்துத் தயக்கமும் இல்லை. இந்த ஒரு கருத்தை மனத்திற்கொண்டால், பின்வரும் மூன்று கண்ணிகளும் தாமே விளங்கும்.

பருத்த இரும்புத் துண்டில் இது ஒரே பாய்ச்சலாக நிகழ்வதில்லை. அதனுள் பல காந்தக் களங்கள் உள்ளன; அவற்றின் எல்லைச் சுவர்கள் சிறு சிறு தடைகளில் சிக்கிச் சிக்கி நகர்கின்றன. 1919-இல் ஹைன்ரிக் பார்க்ஹௌசன் இரும்பைச் சுற்றிய கம்பிச் சுருளை ஒலிப்பெருக்கியுடன் இணைத்து, அந்த நகர்ச்சியைச் சடசடவென்ற ஒலியாகவே கேட்கச் செய்தார். பள்ளியில் செய்து காட்டக்கூடிய அரிய சோதனைகளுள் அதுவும் ஒன்று.

படலத்தை அளப்பதில் உள்ள இடர்ப்பாடு

படலம் எவ்வளவு மெல்லியது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று. 3 நானோமீட்டர் தடிப்புள்ள இரும்புப் படலத்தில் ஏறத்தாழ 21 அணு அடுக்குகளே உள்ளன. இத்தகைய படலங்களை வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கியோ, ஆர்கான் அயனிகளால் உலோகத் தகட்டைத் தாக்கி அணுக்களைத் தெறிக்கச் செய்தோ, சிலிக்கான் அல்லது கண்ணாடித் தாங்குதளத்தின்மேல் படியவைக்கின்றனர். அளவிடும்போது படலத்தை மட்டும் தனியே எடுத்துக் கருவியில் வைக்க இயலாது; தாங்குதளமும் உடன் வரும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 மில்லிமீட்டர் சதுரமும் அரை மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள சிலிக்கான் துண்டின்மேல் 1 நானோமீட்டர் கோபால்ட் படிந்துள்ளதாகக் கொள்வோம். கோபால்ட்டின் தெவிட்டிய காந்தமாகும் செறிவு மீட்டருக்கு ஏறத்தாழ 14 இலட்சம் ஆம்பியர். அதனைப் பரப்பாலும் தடிப்பாலும் பெருக்கினால், படலத்தின் காந்தத் திருப்புத்திறன் நூறு கோடியில் 35 பங்கு ஆம்பியர் சதுர மீட்டர் என்று வரும். சிலிக்கானோ டயா காந்தப் பொருள்; அதன் காந்த ஏற்புத்திறன் பத்து இலட்சத்தில் 3 முதல் 4 பங்கு வரையிலான எதிர்க்குறி எண். எனினும் அது படலத்தைவிட 5 இலட்சம் மடங்கு தடித்தது. 1 டெஸ்லா புலத்தில் அதன் திருப்புத்திறனைக் கணக்கிட்டால், அதுவும் ஏறத்தாழ அதே 35 பங்காக, ஆனால் எதிர்த்திசையில் வருகின்றது! அதாவது, அப்புலத்தில் கருவி காட்டும் மொத்த அளவு பூச்சியத்தை நெருங்கிவிடும். “காந்தம் மறைந்துவிட்டது” என்று வியப்பவர் தாங்குதளத்தை மறந்தவர்.

தாங்குதளத்தின் பங்கு புலத்திற்கு நேர்விகிதமாக மாறும் நேர்கோடு; அதில் தயக்கம் இல்லை. ஆகவே, படலம் தெவிட்டிய பின்னர் மிகுந்த புலத்தில் காணும் சாய்வை அளந்து, முழு வளைகோட்டிலிருந்தும் கழித்துவிடலாம். இக்கழித்தலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: படலம் உண்மையிலேயே தெவிட்டியிருத்தல் வேண்டும். தெவிட்டாத படலத்தின் சாய்வையும் சேர்த்துக் கழித்துவிட்டால், இல்லாத தெவிட்டுநிலையை நாமே வரைந்தவராவோம். படலம் இல்லாத வெறுந் தாங்குதளத் துண்டு ஒன்றையும் தனியே அளந்து வைத்துக்கொள்வதே நேர்மையான வழி.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. ஒரு மைக்ரோகிராம் இரும்புத் துகள் தெவிட்டுநிலையில் தரும் திருப்புத்திறன், மேற்கூறிய கோபால்ட் படலத்தினுடையதைவிட ஏறத்தாழ 6 மடங்கு. எஃகு இடுக்கியால் மாதிரியைப் பற்றினால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டிக்கொள்ளும்; பிறகு நாம் அளப்பது படலத்தை அன்று, இடுக்கியை! பிளாஸ்டிக் இடுக்கி வாங்கும் செலவு மிகச் சிறிது.

அளக்கும் கருவிகளுள் இரண்டைக் குறிப்பிடுவது போதும். ஒன்று, சைமன் ஃபோனர் 1956-இல் அறிவித்த அதிர்வு மாதிரிக் காந்தமானி. அதில் மாதிரி புலத்தினிடையே மேலும் கீழும் அதிர்கின்றது. அருகிலுள்ள சுருள்களில் தூண்டப்படும் மின்னழுத்தம் மாதிரியின் மொத்தத் திருப்புத்திறனைத் தருகின்றது. மற்றொன்று, ஜான் கெர் என்பவர் 1870-களில் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்துவது: காந்தப் பரப்பில் பட்டு எதிரொளிக்கும் ஒளியின் முனைவாக்கத் தளம் சிறிதளவு சுழலும், அச்சுழற்சியைப் புலத்திற்கு எதிராக வரைந்தால் கண்ணி கிடைக்கும். இம்முறையில் தாங்குதளத்தின் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால், ஒளி உலோகத்தினுள் சில பத்து நானோமீட்டர் ஆழமே செல்வதால், மேலடுக்கு உரக்கவும் கீழடுக்கு மெல்லவும் பேசும். ஆதலின், கெர் முறையில் கிடைத்த படிகளின் உயரத்தைக் கொண்டு அடுக்குகளின் திருப்புத்திறனை நேராகக் கணக்கிடலாகாது.

மாதிரி எத்திசையில் வைக்கப்பட்டது என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டும். இரும்புப் படலம் தன் தளத்தின் வழியே சிறு புலத்திலேயே தெவிட்டும். தளத்திற்குச் செங்குத்தாக அதனைத் தெவிட்டச் செய்ய ஏறத்தாழ 2.1 டெஸ்லா தேவை. ஒரே மாதிரி, இரு திசைகளில் இரு வேறு பொருள்கள் போலத் தோன்றும். இதற்கு விலக்கும் உண்டு. ஒரு நானோமீட்டருக்கும் குறைவான கோபால்ட்டைப் பல்லேடியத்துடன் மாறி மாறி அடுக்கினால், காந்தத் திசை தளத்தை விட்டெழுந்து செங்குத்தாக நிற்க விழைகின்றது என்பது 1985-இல் வெளியாயிற்று.

முதற்கண்ணி: கண்ணி இல்லாமை

இரும்பு, குரோமியம், இரும்பு என்று மூன்று படலங்களை அடுக்கியதில், குரோமியத்தின் தடிப்பு தக்க அளவில் இருந்தால் இரண்டு இரும்புப் படலங்களும் ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் காந்தமடைகின்றன என்பதை 1986-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பீட்டர் குருன்பெர்க் குழுவினர் கண்டனர். குரோமியத்தின் எலக்ட்ரான்கள் வழியாக ஒரு படலம் மற்றொன்றன் திசையை உணர்கின்றது. இதனைப் பரிமாற்ற இணைப்பு என்பர்.

புலம் இல்லாதபோது இரண்டு படலங்களும் எதிரெதிரே நிற்பதால் மொத்தக் காந்தம் பூச்சியம். புலத்தைச் செலுத்தினால், அவை புலத்திற்குக் குறுக்கே திரும்பிக்கொண்டு, கத்தரிக்கோலின் இரு அலகுகள் மூடுவதுபோல் மெல்ல மெல்லப் புலத்தின் பக்கம் சாய்கின்றன. கணக்கு எளியது. புலத்துடன் ஒவ்வொரு படலமும் ஆக்கும் கோணத்தின் கோசைன், புலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும்போது மொத்த ஆற்றல் மிகக் குறைகின்றது. மொத்தக் காந்தமும் அந்தக் கோசைனுக்கு நேர்விகிதமாதலால், வளைகோடு நேர்கோடாக ஏறித் தெவிட்டுநிலையில் சட்டென மட்டமாகின்றது. இடையில் மேடு எதுவும் இல்லை. போன வழியே திரும்பலாம். ஆகவே கண்ணியும் இல்லை.

தெவிட்டும் புலம் எவ்வளவு? சதுர மீட்டருக்குரிய இணைப்பாற்றலை இரண்டால் பெருக்கி, காந்தமாகும் செறிவையும் படலத் தடிப்பையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் விடை கிடைக்கும். இணைப்பாற்றல் சதுர மீட்டருக்கு 1 மில்லிஜூல் என்றும், இரும்பின் தடிப்பு 3 நானோமீட்டர் என்றும், அதன் காந்தமாகும் செறிவு மீட்டருக்கு 17 இலட்சம் ஆம்பியர் என்றும் கொண்டால், புலம் ஏறத்தாழ 0.39 டெஸ்லா. பல அடுக்குகள் கொண்ட மாதிரியில் ஒவ்வோர் இரும்புப் படலத்திற்கும் மேலும் கீழுமாக இரண்டு அண்டையர் உள்ளமையால் புலமும் இருமடங்காகி, 0.78 டெஸ்லா ஆகும். இரும்பு மட்டும் தனித்திருந்தால் இதில் மிகச் சிறு பங்கிலேயே தெவிட்டியிருக்கும். ஆகவே, தெவிட்டும் புலத்தை அளப்பவர் உண்மையில் அளப்பது இணைப்பின் வலிமையை.

மாணவர்களுக்கு வலியுறுத்த வேண்டியது இதுவே: எஞ்சிய காந்தம் பூச்சியம் என்பதால் இரும்பு காந்தத்தை இழந்துவிட்டது என்று பொருளில்லை. ஒவ்வொரு படலமும் முழுமையாகக் காந்தமடைந்தே உள்ளது. கணக்கில் வரவும் செலவும் சமமாயின் இருப்புப் பூச்சியம் எனக் காட்டுவது போன்றது இது. பெட்டியில் பணமே புழங்கவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது.

உண்மையான மாதிரிகளில் நேர்கோட்டின் நடுவே சிறு கண்ணி ஒன்று எஞ்சிக் காணப்படுவதுண்டு. இடைப்படலத்தில் ஊசித்துளைகள் இருந்தால், அவ்விடங்களில் இரும்பும் இரும்பும் நேரே தொட்டுக்கொண்டு ஒரே திசையில் நிற்கும். எனவே எஞ்சிய காந்தத்திற்கும் தெவிட்டிய காந்தத்திற்கும் உள்ள விகிதம், இடைப்படலத்தின் தரத்தை மதிப்பிட உதவும் ஒரு நல்ல குறி.

இணைப்பு எப்போதும் எதிர்த்திசையிலேயே இருக்கும் என்றும் எண்ணலாகாது. 1990-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மேடன் ஆராய்ச்சி மையத்தில் ஸ்டூவர்ட் பார்க்கினும் உடன் உழைத்தவர்களும் இடைப்படலத்தின் தடிப்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல மாதிரிகள் செய்தனர். தடிப்பு ஏற ஏற, இணைப்பு எதிர்த்திசை, ஒருதிசை, மீண்டும் எதிர்த்திசை என்று ஊசலாடியது. கோபால்ட்டுக்கு நடுவே ருதேனியம் இருந்தபோது ஓர் ஊசலின் நீளம் ஏறத்தாழ 1.2 நானோமீட்டர். அதாவது, மூன்று அணு அடுக்குகள் கூடினாலோ குறைந்தாலோ கண்ணியின் வடிவமே தலைகீழாக மாறிவிடும்.

இவ்வாராய்ச்சி பெரும்பயன் விளைத்ததை இங்கே சுருக்கமாகக் கூறலாம். 1988-இல் பிரான்சின் ஓர்சே நகரில் ஆல்பெர் ஃபெர் குழுவினர், 3 நானோமீட்டர் இரும்பும் 0.9 நானோமீட்டர் குரோமியமும் மாறி மாறி அமைந்த மாதிரியை 4.2 கெல்வின் வெப்பநிலையில் 2 டெஸ்லா புலத்தில் வைத்தபோது மின்தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குருன்பெர்க் குழுவினர் மூன்றடுக்கு மாதிரியில், அறை வெப்பநிலையில், 1.5 சதவீத மாற்றம் கண்டு 1989-இல் வெளியிட்டனர். படலங்கள் எதிரெதிரே நிற்கும்போது மின்தடை மிகுதி. ஒருதிசையில் நிற்கும்போது குறைவு. இதற்குப் பெருங்காந்தத்தடை எனப் பெயர். 1997-இல் கணிப்பொறி வட்டுகளைப் படிக்கும் தலைகளில் இது இடம்பெற்றது. 2007-இல் இருவருக்கும் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இரண்டாவது கண்ணி: படிக்கட்டு

இடைப்படலத்தைத் தடிக்கச் செய்தால் இணைப்பு நலிந்துவிடும். அப்போது இரண்டு படலங்களும் தனித்தனியே இயங்கும். ஒன்று எளிதில் திரும்பும் பெர்மல்லாய் என்னும் நிக்கல்–இரும்புக் கலவை, மற்றொன்று கடினமான கோபால்ட் எனக் கொள்வோம். மிகுந்த நேர்ப்புலத்திலிருந்து இறங்கி எதிர்ப்புறம் சென்றால், முதலில் பெர்மல்லாய் திரும்பும். கோபால்ட் இன்னும் பழைய திசையிலேயே நிற்கும். இந்த இடைநிலையில் வளைகோடு மட்டமாக ஓடும். புலத்தை மேலும் ஏற்றினால் கோபால்ட்டும் திரும்பும். இவ்வாறு இரண்டு படிகள் உண்டாகின்றன.

படிகளின் உயரம் வீணானதன்று. பெர்மல்லாய் 10 நானோமீட்டர், கோபால்ட் 3 நானோமீட்டர் என்க. முன்னதன் செறிவு மீட்டருக்கு 8 இலட்சம் ஆம்பியர். தடிப்பால் பெருக்கினால் பெர்மல்லாய்க்கு 8.0 மில்லி ஆம்பியர், கோபால்ட்டுக்கு 4.2 மில்லி ஆம்பியர், கூட்டுத்தொகை 12.2. பெர்மல்லாய் மட்டும் திரும்பிய நிலையில் மீதி, எதிர்த்திசையில் 3.8. ஆகவே இடைநிலை மட்டம், தெவிட்டுநிலையின் 31 சதவீத அளவில் எதிர்ப்புறம் அமைதல் வேண்டும். அளவீட்டில் அது வேறு இடத்தில் அமைந்தால், ஒன்று தடிப்பு நாம் எண்ணியது அன்று. அல்லது எல்லைப் பரப்பில் சில அணு அடுக்குகள் அண்டைய உலோகத்துடன் கலந்து காந்தத்தை இழந்துள்ளன. ஒரு வரைபடத்தைக் கொண்டே இவ்வளவும் சொல்லிவிடலாம். கலப்படமான மாதிரியும் இரண்டு படிகள் காட்டலாம் என்பது மெய்யே. ஆனால் படிகளின் உயரம் தடிப்புக் கணக்குடன் பொருந்துவது தற்செயலாக நிகழாது.

மூன்றாவது கண்ணி: நகர்ச்சி

இதுவே மிகவும் ஐயத்திற்கு இடமானது. ஆதலின் சற்று விரிவாகக் காண்போம். 1956-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிச்சாலையில் மைக்கிள்ஜான், பீன் என்னும் இருவர், மேற்பரப்பில் ஆக்சைடு படிந்த நுண்ணிய கோபால்ட் துகள்களை ஆராய்ந்தனர். அவற்றைக் காந்தப் புலத்தில் வைத்துத் திரவ நைட்ரஜனின் குளிருக்குக் கொண்டுசென்று அளந்தபோது, கண்ணி மையத்தில் அமையாமல் ஒருபுறமாக நகர்ந்து நின்றது. புலமின்றிக் குளிர்வித்தால் நகர்ச்சி இல்லை. கருவியின் பிழையாயின் குளிர்வித்த முறையை அது அறியாது அன்றோ!

காரணம் ஆக்சைடில் உள்ளது. கோபால்ட் ஆக்சைடு எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள். அதில் அடுத்தடுத்த அணுத்தளங்கள் எதிரெதிர்த் திசையில் காந்தமடைந்துள்ளன. அறை வெப்பநிலையையொட்டி, ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழே, இவ்வொழுங்கு தோன்றுகின்றது. புலத்தில் குளிரும்போது, எல்லையிலுள்ள ஆக்சைடு அணுக்கள் அண்டையிலுள்ள கோபால்ட்டின் திசைக்கு ஒத்து உறைந்துவிடுகின்றன. பின்னர் கோபால்ட் திரும்ப முயலும்போதெல்லாம், உறைந்த அணுக்கள் அதனைப் பழைய திசைக்கே இழுக்கின்றன. ஒருபுறம் திரும்புவது கடினம். மறுபுறம் திரும்புவது எளிது. கோலிக்குண்டின் நிலம் முன்னதாகவே ஒருபக்கம் சாய்ந்துள்ளது என்று கொள்ளலாம். இதற்குப் பரிமாற்றச் சாய்வு எனப் பெயரிடலாம்.

பல்லடுக்குப் படலங்களில் இதனை வேண்டுமென்றே அமைக்கின்றனர். 1991-இல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள், ஒரு பெர்மல்லாய்ப் படலத்தை இரும்பு–மாங்கனீசு என்னும் எதிர்ஃபெர்ரோ காந்தப் படலத்தால் கட்டிப்போட்டு, செம்பு இடைப்படலத்திற்கு அப்பால் மற்றொரு பெர்மல்லாய்ப் படலத்தைக் கட்டவிழ விட்டனர். கட்டவிழ்ந்த படலம் சிறு புலத்திற்கே திரும்பும், கட்டுண்டது அசையாது. இவ்வாறு பெருங்காந்தத்தடை மிகச் சிறு புலங்களிலேயே பயன்படலாயிற்று.

நகர்ச்சியின் அளவு படலத்தின் தடிப்புக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. ஏனெனில் கட்டு எல்லைப் பரப்பில் மட்டுமே உள்ளது, கட்டப்படுவதோ முழுத் தடிப்பும். எல்லையாற்றல் சதுர மீட்டருக்கு 0.1 மில்லிஜூல் எனின், 10 நானோமீட்டர் பெர்மல்லாய்க்கு நகர்ச்சி 12.5 மில்லிடெஸ்லா, 5 நானோமீட்டருக்கு 25. ஆயின் அந்த எல்லையாற்றலைக் கொள்கையளவில் கணக்கிடுவது எளிதன்று. எல்லை முற்றிலும் சமதளமானது எனக் கொண்ட எளிய கணக்கு, அளவீட்டைவிடப் பல மடங்கு, சிலவேளை நூறு மடங்கு, பெரிய விடையைத் தருகின்றது. 1987-இல் மலோசெமாஃப் எல்லையின் கரடுமுரட்டாலும், மௌரி முதலியோர் எதிர்ஃபெர்ரோ காந்தத்தினுள் தோன்றும் களச் சுவராலும் இதனை விளக்க முயன்றனர். எல்லா மாதிரிகளுக்கும் பொருந்தும் ஒரே விளக்கம் இல்லை என்பதை ஆசிரியர்கள் மறைக்க வேண்டியதில்லை. முடிவுறாத பாடம் என்று கேட்டால் மாணவர் விழித்துக்கொள்வர்.

இனி, நகர்ச்சி மாதிரியுடையதா, கருவியுடையதா என்று அறிவது எப்படி? மின்காந்தத்தின் முனைகளிலேயே எஞ்சிய காந்தம் இருப்பதுண்டு. புலமானியின் பூச்சியம் தவறியிருப்பதும் உண்டு. இதற்கு எளிய வழி, மாதிரியைத் தன் தளத்திலேயே 180 பாகை திருப்பி மீண்டும் அளப்பது. மாதிரியின் நகர்ச்சி மறுபுறம் செல்லும். கருவியின் பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் அளவீட்டில் கண்ணியின் மையம் எதிர்க்குறி 11.0 மில்லிடெஸ்லாவிலும், திருப்பிய பின் நேர்க்குறி 14.0 மில்லிடெஸ்லாவிலும் அமைந்ததாகக் கொள்வோம். இரண்டின் வேறுபாட்டில் பாதி 12.5, அது மாதிரியின் நகர்ச்சி. இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி 1.5, அது கருவியின் பிழை. ஐந்து நிமிட வேலை ஐயத்தை முற்றிலும் நீக்கிவிடுகின்றது.

மாதிரியைத் திருப்பிப் பார்த்து உண்மையறியும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. புதுதில்லி தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலையின் முதல் இயக்குநராயிருந்த கே. எஸ். கிருஷ்ணன், அதற்கு முன் டாக்காவிலும் கல்கத்தாவிலும் பணிபுரிந்த காலத்தில், மெல்லிய இழையில் தொங்கவிட்ட படிகங்கள் காந்தப் புலத்தில் திரும்புவதை அளந்தே அவற்றின் திசைவேறுபாட்டுப் பண்புகளை ஆராய்ந்தார்.

இச்சோதனையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கட்டுண்ட படலத்தை முதன்முறை சுற்றிவரும்போது காணும் நகர்ச்சி, அடுத்தடுத்த சுற்றுகளில் சற்றுக் குறைந்துகொண்டே போகும். எல்லையணுக்கள் சில ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறி அமர்வதே காரணம். ஆதலின் சில சுற்றுகள் ஓட்டிய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்; எத்தனையாவது சுற்று என்பதையும் எழுதுதல் வேண்டும். இரண்டாவது, மாதிரியின் ஒரு பகுதி மிகக் கடினமானதாயிருந்து, கருவியின் புலம் அதனைத் திருப்பப் போதாதிருந்தால், அரைகுறையான கண்ணி ஒன்று கிடைக்கும். அதுவும் ஒருபுறம் நகர்ந்தது போலவே தோன்றும். திருப்பி அளக்கும் சோதனையில் இது அகப்படாமலும் போகலாம். மிகுந்த புலத்தில் ஏறுகோடும் இறங்குகோடும் ஒன்றிச் சேர்கின்றனவா என்று பார்ப்பதே இதற்கு வழி. சேராத கண்ணியைக் கொண்டு நகர்ச்சியைப் பேசலாகாது.

வகுப்பறையில் செய்து காட்டல்

யூயிங் 1890-இல், ஊசிமுனைகளில் சுழலும் சிறு காந்தங்கள் பலவற்றை வரிசையாக நிறுத்தித் தயக்கத்தைச் செய்து காட்டினார். அவ்வழியைப் பின்பற்றி, முதற்கண்ணியை இரண்டு சிறிய திசைகாட்டிகளைக் கொண்டே காட்டலாம். இருபுறமும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் திசைகாட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக, ஊசிகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருக்குமாறு வைக்கவும். இரண்டும் வடக்கு நோக்காமல் எதிரெதிர்த் திசையில் நிற்பதைக் காணலாம். ஊசிகள் ஒன்றற்கொன்று தரும் புலம் புவியின் புலத்தைவிட மிகுதி. இப்போது ஒரு சட்டக் காந்தத்தைத் தொலைவிலிருந்து மெல்ல நெருக்கினால், ஊசிகள் கத்தரிக்கோல்போல் மூடிக்கொண்டே வந்து, இறுதியில் ஒருதிசையாகும். காந்தத்தை விலக்கினால் மீண்டும் விரியும். கோணத்தைப் பாகைமானியால் அளந்து கோசைன் அட்டவணை தயாரிப்பது மேல்வகுப்பு மாணவர்க்கு நல்ல பயிற்சி. படலங்களிடையே உள்ளது எலக்ட்ரான்கள் வழியான இணைப்பு. ஊசிகளிடையே உள்ளது சாதாரணக் காந்த ஈர்ப்பு. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விடலாகாது.

களப்பணியில்

பெர்மல்லாய்ப் படலத்தையோ பல்லடுக்குப் படலத்தையோ உள்ளுறுப்பாகக் கொண்ட காந்த உணர்விகள் மின்னோட்ட அளவீட்டிலும், சக்கரங்களின் சுழற்சியை அறிவதிலும், மின்னணுத் திசைகாட்டிகளிலும் பயன்படுகின்றன. களப்பணியாளர் கண்ணியை வரையாவிடினும் அதன் விளைவைத் தவிர்க்க இயலாது. ஒரே புலத்தைக் கீழிருந்து ஏறி அளந்தபோதும் மேலிருந்து இறங்கி அளந்தபோதும் இரண்டு எண்கள் வந்தால், வேறுபாடு தயக்கத்தால் வந்தது. ஒலிபெருக்கியின் காந்தமோ பைப்பூட்டின் காந்தமோ உணர்வியின் அருகே வந்துபோனால், படலத்தின் களங்கள் கலைந்து பூச்சியம் பெயர்ந்துவிடும். சில உணர்விகளில் இதனைச் சரிசெய்யவே ஒரு சிறு கம்பிப்பட்டை வழியாகக் கணநேர மின்னோட்டத்தைச் செலுத்தி, படலத்தை மீண்டும் ஒரே திசையில் நிறுத்தும் ஏற்பாடு உண்டு. காலையில் பணி தொடங்குமுன்னும், ஐயுறத்தக்க அளவீடு வந்தபோதும் அதனை இயக்குதல் நன்று. அத்தகைய ஏற்பாடு இல்லாத கருவியில், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து புலத்தை அணுகி அளப்பதும், கருவியை 180 பாகை திருப்பி இரண்டாவது அளவீடு எடுப்பதும் போதுமானவை. களக் குறிப்பேட்டில் அளவீட்டுக்கான கட்டத்தின் அருகே மேலும் இரண்டு சிறு கட்டங்கள் வரைந்துகொள்க: ஒன்றில் “ஏறுமுகம்” அல்லது “இறங்குமுகம்”, மற்றொன்றில் “நேர்” அல்லது “திருப்பியது” என்று எழுதலாம்.